மீனில் வைத்த மாத்திரை

சிரிப்பு இருக்கிறது. கடைசியில் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் ஒரு பூனைக்குட்டியைப் புதைக்க வேண்டியிருக்கிறது.

திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூர் நாராயணசாமி வீட்டுப் பூனை பொம்மி, ஆடியில் மூன்று குட்டி போட்டது. ஆவணி முடிவதற்குள் இரண்டு போய்விட்டன. வயிறு மட்டும் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும், மற்றதெல்லாம் எலும்பு. மூன்றாவது குட்டி ஒரு காலையில் வெள்ளையாய் இடியாப்பம் போல எதையோ கக்கியது. இடியாப்பம் நெளிந்தது.

நாராயணசாமியின் மனைவி இந்திராணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு. பொம்மியை மடியில் போட்டுக்கொண்டுதான் அவள் தட்டில் கை வைப்பாள். தாயையும் குட்டியையும் காய்கறிக் கூடையில் போட்டு, புருஷனைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

டாக்டர் பார்த்தார். குடல் முழுக்கப் புழு, தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் போயிருக்கிறது என்றார். ஒரு அட்டை மாத்திரை கொடுத்து, பொடி பண்ணிச் சோற்றில் பிசைந்து இன்றே கொடு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வழியில் மீன் கடை. சூளூர்பேட்டையிலிருந்து வந்த மடவை, பளபளவென்று, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. ஆள் எங்கிருந்து வரும், புரட்டாசி பிறந்து இரண்டாம் நாள். ஊரே பெருமாளுக்குக் கவிச்சி விட்டிருந்தது. நாராயணசாமியும் விட்டிருந்தார். கடைசிச் சனிக்கிழமை திருமலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டுதல் வேறு. ஆனால் நாக்கு வேண்டிக்கொள்ளவில்லையே. அந்தக் கடை வாசலில்தான் யோசனை உதித்தது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டாக்டரின் தெலுங்குக் குரலை மூக்கு வழியாக எடுத்துவிட்டார். "சூடம்மா, மாத்ர அன்னம்லோ வத்து. சேப்பலோ பெட்டி இவ்வாலி." சோற்றில் வைத்தால் கக்கிவிடுமாம், மீனில் வைத்துத்தான் கொடுக்க வேண்டுமாம், மாசம் முழுக்கக் கொடுக்க வேண்டுமாம். அதுவும் ஆம்பிளை கையால். பொம்பளை கை என்றால் செல்லம் கொஞ்சித் துப்பிவிடுமாம்.

"புரட்டாசியிலயா?" என்று மட்டும் கேட்டாள் இந்திராணி.

"பூனைக்கு ஏது மே புரட்டாசி?"

அவள் பின்கட்டில் மூன்று செங்கல் கூட்டி, ஓட்டைச் சட்டி ஒன்றில் மீனை வேக வைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். தட்டோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார் நாராயணசாமி. மாத்திரை அட்டையை அப்படியே பப்பாளி மரத்தடியில் மண்ணுக்குள் அழுத்தினார். மீனை அவர் தின்றார். முள்ளை பொம்மிக்குப் போட்டார். உப்பில்லாத மீன் ஈரத்துணியைக் கடிப்பது போலத்தான் இருந்தது. இருந்தாலும் கண்ணில் நீர் வந்தது. சாக்கில் கிடந்த குட்டி அவரையே பார்த்தது. அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள், வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் ஆஷா சுகாதார வேலை பார்க்கும் சுந்தரம்மா வந்தாள். பூனைக்குப் புழு என்று கேள்விப்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மனுஷர்களுக்கான புழு மாத்திரை ஆளுக்கொன்று கொடுத்தாள். இந்திராணி விழுங்கினாள். நாராயணசாமி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நான் இன்னா பூனையா? திருப்பதி லாட்ஜுல மேனேஜரு."

மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டும் துடைப்பக்குச்சி மாதிரி நிற்கும் மேனேஜரை சுந்தரம்மா ஏற இறங்கப் பார்த்தாள். மாத்திரையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த நாள் காலையில் குட்டி எழுந்திருக்கவில்லை.

விரத மாசம், செத்ததைத் தொடக்கூடாது என்று நாராயணசாமி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இந்திராணியே மண்வெட்டியை எடுத்தாள். சத்தம் பப்பாளி மரத்தடியிலிருந்து வந்தது. படுத்திருந்தவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். மண்வெட்டிச் சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றே இருந்தது. பிறகு மறுபடி கேட்டது. அவள் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். பொம்மியைத் தூக்கி மடியில் வைத்தாள். தப்பித்தோம் என்று அவர் புரண்டு படுத்தார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் மீனும் இல்லை, பேச்சும் இல்லை. அப்புறம் செங்கல்லில் சட்டி தானாகவே ஏறியது. நாராயணசாமிக்குத் துக்கம் குறைந்து நாக்கு நீண்டது. டாக்டர் போன் பண்ணினார் என்று மறுபடி மூக்கால் பேசினார். மிளகு போட்டால் நல்லதாம். அடுத்த நாள் உப்பு. அதற்கடுத்த நாள் புளி.

"பூனைக்குப் புளி ஆவுமா?"

"புழுவுக்கு ஆவாது."

அவள் புளியும் கரைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, மாங்காய் போட்ட முழு மீன் குழம்பே தொட்டிக்குப் பின்னால் போனது. தட்டை நீட்டும்போது சொன்னாள், "காரம் தூக்கலா போட்டுக்கீறேன். மாத்திரை கசப்பு தெரியாது." பூனை மேல் இப்படி ஒரு பாசமா என்று நாராயணசாமியே உருகிப்போனார். வழித்துத் தின்றார்.

இதற்கிடையில் ஒரு அதிசயம். பொம்மி தேறிக்கொண்டு வந்தது. ரோமம் மினுக்கியது, மதில் ஏறியது, ஓணான் பிடித்தது. அவர் கையால் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. மேல் சிலிர்த்தது அவருக்கு. பெருமாள்தான், வேறு யார்? லாட்ஜில் அறை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி, மொட்டையும் போடுவதாகச் சேர்த்து வேண்டிக்கொண்டார்.

மறுநாள் காலை, புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை. நெற்றி நிறைய நாமம், இடுப்பில் மஞ்சள் வேட்டி, மலை ஏறத் தயார். வாசற்படியைத் தாண்டவில்லை, வயிறு கடமுடவென்றது. கொல்லைக் கக்கூஸுக்கு ஓடினார். தாழ்ப்பாள் விழுந்தது.

அப்புறம் ஒரு குரல் வந்தது. டாக்டர் குரல் இல்லை, மேனேஜர் குரலும் இல்லை. மெல்லிசான அவருடைய சொந்தக் குரல்.

"இந்திரா... நெளியுது மே."

பக்கெட்டோடு வந்து நின்றாள் இந்திராணி. காலைச் சுற்றிக்கொண்டு பொம்மி. கதவுக்கு அடியிலிருந்த சந்து வழியாக, மண் ஒட்டிய காலி மாத்திரை அட்டை ஒன்று மெதுவாக உள்ளே நகர்ந்து வந்தது. நாராயணசாமி அதைப் பார்த்தார். பிறகு சுந்தரம்மா ஜன்னலில் வைத்துவிட்டுப் போன மாத்திரை ஞாபகம் வந்தது. அது அங்கே இல்லாமல் எத்தனை நாளாயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

"பொம்மிக்கு வெறும் சோத்துல குடுத்தேன், ஒழுங்கா துன்னுச்சு," என்றாள் இந்திராணி, பக்கெட்டைக் கீழே வைத்தபடி. "குட்டிக்குத்தான் நேரம் பத்தல. மீன்ல வெச்சாத்தான் துன்னுவேன்னு அடம் புடிச்சது, நீ ஒருத்தன்தான்."