பழைய கேமராவைத் தொட மாட்டேன்

ராஜபாளையத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் சமுத்திரத்துக்குக் கொஞ்ச நாளாகத் தரையில் கால் பாவவில்லை. பாவுமா? ஒரு கேமரா கம்பெனிக்காரன் வீடு தேடி வந்து, புத்தம்புதுக் கேமரா ஒன்றை ஓசியிலேயே கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பதிலுக்கு அதைப் புகழ்ந்து ஒரு வீடியோ போட வேண்டும், அவ்வளவுதான்.

போட்டார் ஐயா. மொட்டை மாடியில் நின்று, நெஞ்சில் கை வைத்து, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேமராவப் பாத்ததில்ல. இனிமே என் பழைய கேமராவத் தொடவே மாட்டேன்!" என்று முழங்கினார். கூமாப்பட்டி வரைக்கும் போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாரும், "அண்ணாச்சியே சொல்லிட்டாரு" என்று அதை வாங்கக் கிளம்பினார்கள்.

உண்மை என்னவென்றால், வெயிலில் அந்தக் கேமரா ராஜா. கொஞ்சம் இருட்டினால் போச்சு. மாப்பிள்ளை முகம் ரவை உப்புமா மாதிரி குருணை குருணையாக விழும். வீடியோவில் காட்டிய படங்கள் அத்தனையும் பழைய கேமராவில் எடுத்தவை. இது சமுத்திரத்துக்கும் அவர் மனசாட்சிக்கும் மட்டும்தான் தெரியும். மனசாட்சி என்ன, வெளியே போய்ச் சொல்லவா போகிறது?

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு. பொழுது சாய்ந்த பிறகு தெருவில் ஊர்வலம். பெண் வீடு பெரிய குடும்பம். படம் சொதப்பினால் அந்தப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுகூட இனி அவர் பக்கம் எட்டிப் பார்க்காது. சமுத்திரம் பழைய கேமராவை எடுக்க பீரோவைத் திறந்தார். காணோம்.

"ஏ செல்வி! பழைய கேமரா எங்க?"

அடுப்படியிலிருந்து மனைவி பாண்டிசெல்வி தலையை நீட்டினாள். "அதையா? என் தம்பி தவசிமுத்துக்குக் குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்? நீங்கதான் தொட மாட்டேன்னு ஊரறியச் சொன்னிய."

"அது ராசியான கேமரா, செல்வி. பிரிய மனசு வரல."

"அப்படின்னா புதுக் கேமராவுல அத ஒரு போட்டோ எடுத்துச் சுவத்துல மாட்டிக்கிடுங்க."

"அதுல ஏதோ கோளாறு இருக்கு. பாவம், உன் தம்பி கெடந்து அல்லாடுவான்."

"கோளாறானத இம்புட்டு அவசரமா எதுக்குத் தேடுதிய?"

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். சமுத்திரம் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார்.

"தாயே, அந்த வீடியோவுல சொன்னது அம்புட்டும் பொய். போதுமா?"

"பொய்யா! நெஞ்சுல கை வச்சுல்லா சொன்னிய?"

"ஏட்டி, வெவரம் தெரியாமப் பேசாத. ஒருத்தன் ஓசியில ஒண்ணு குடுத்தா, அதப் போயி நொட்டை சொல்ல முடியுமா? நாலு வார்த்தை புகழ்ந்தாத்தான அடுத்த தடவையும் குடுப்பான்? பெரிய பெரிய போட்டோகிராபரே அப்படித்தான். அத நம்புறவன் முட்டாள்."

பாண்டிசெல்வி அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து, துணியில் சுற்றிய பழைய கேமராவை எடுத்து நீட்டினாள். சமுத்திரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"செத்த நில்லுங்க."

நின்றார்.

"நான் வைக்கிற குழம்ப தினமும் ஆகா ஓகோன்னு புகழுதியளே. அதுவும் ஓசியிலதான வருது?"

"அது... அது வேற, செல்வி..."

"என்ன வேற? அடுத்த வேளையும் வேணும்லா? இம்புட்டு வருசமா நம்புன முட்டாள் நான்தான்."

"ஐயோ, அப்படிச் சொல்லல..."

"பரவாயில்ல, போயிட்டு வாங்க. பொய் சொல்லிச் சொல்லி உங்களுக்கும் வாய் வலிக்கும்லா? நாளையிலருந்து நீங்களே ஆக்குங்க. எப்படி இருக்குன்னு நான் உள்ளதச் சொல்லுதேன்."