நெஞ்சுவலித் தடைச் சட்டம்

வெண்குன்றம் என்றொரு நாடு. அதன் மன்னர் ஒருநாள் நகர்வலம் போகையில் கடைத்தெருவில் வழுக்கி விழுந்தார். யாரோ சிரித்துவிட்டார்கள். மறுநாளே ஆணை வந்தது: மன்னர் விழவில்லை, தரைதான் அவரை வணங்க முந்திக்கொண்டு எழுந்தது. அந்தக் கடைத்தெருவுக்கு ஓராண்டுச் சிறை. எவரும் அதில் கால்வைக்கலாகாது. இனி நாட்டில் எவரும் சிரிக்கவும் கூடாது.

கடைகள் மூடின. சிரிக்காத சனங்களுக்கு உறக்கம் கெட்டது, நெஞ்சு அடைத்தது. வைத்தியர்கள் முறையிட்டபோது அமைச்சர் ஆழ்ந்து யோசித்து, நெஞ்சுவலியையும் தடை செய்தார்.

ஆணைகளைச் சதுக்கத்தில் நின்று உரக்கப் படிப்பது ஆவுடையப்பனின் உத்தியோகம். அவன் வீட்டில் வேறொரு துயரம். பிறந்த பதினோராம் நாள் பெண்குழந்தை போய்விட்டது. நான்கு மாதமாக அவன் மனைவி சொர்ணவல்லி வாய் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், உண்ணமாட்டாள்.

அன்று காலை அவளருகில் உட்கார்ந்து புதிய ஆணையைப் படித்துப் பழகினான். “தடையை மீறி வலிக்கும் நெஞ்சு உடனடியாகப் பறிமுதல் செய்யப்படும்.”

சொர்ணவல்லி நிமிர்ந்தாள். “நெஞ்ச எடுத்துக்கிட்டு ஆள வீட்டுக்கு அனுப்பிருவாங்களாக்கும்?”

“ரசீது தருவாங்க போல,” என்றான் அவன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு முற்றி அழுகையாயிற்று. அழுகை ஓய்ந்து மறுபடி சிரிப்பாயிற்று. அவனும் சேர்ந்துகொண்டான். பிறகு அவள் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டாள்.

தெருவில் போன காவலன் காதில் அது விழுந்துவிட்டது. இருவரும் அமைச்சர் முன் நிறுத்தப்பட்டனர்.

“நீ உரைத்த நகைச்சுவை யாது?”

“நகைச்சுவை ஒண்ணும் சொல்லலைங்க. நீங்க போட்ட ஆணையைத்தான் படிச்சேன்.”

அமைச்சர் எழுதுகோலை எடுத்தார், வைத்தார். ஆணையை நகைச்சுவை என்று பதிந்தால் முதல் குற்றவாளி அவரேதான். “அது சிரிப்பன்று. அரச பக்தியால் பொங்கிய விம்மல்,” என்று தீர்ப்பளித்து அனுப்பினார்.

தீர்ப்பு ஊரெங்கும் பரவிற்று. அடுத்த ஆணையைக் கேட்கச் சதுக்கம் கொள்ளாத கூட்டம். துண்டால் வாயைப் பொத்தி, தோள் குலுங்க, கண்ணீர் வழியக் கேட்டார்கள். மன்னர் நெகிழ்ந்துபோய், இனி நாள்தோறும் ஓர் ஆணை என்றார். அன்றிரவு சனங்கள் நன்றாக உறங்கினார்கள்.

கூட்டம் கலைந்து வீடு திரும்பும் வழியில், சொர்ணவல்லி கணவனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“நம்ம செங்கமலம் இருந்திருந்தா,” என்றாள், குழந்தையின் பெயரை முதன்முதலாக வாய்விட்டு, “இப்ப பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிற வயசுங்க.”