தாய்மாமன் வைத்த பொட்டு

ஓசூர் தொழிற்பேட்டையில் அந்த நாளில் ஆயிரம் இயந்திரங்கள் ஓடியிருக்கலாம். தாய்மாமன் இருந்த இயந்திரம் எங்களுடையது ஒன்றுதான்.

லேத்துக்கு மெக்கானிக் உண்டு, பாய்லருக்கு ஃபோர்மேன் உண்டு. எங்கள் கம்ப்யூட்டருக்கு மாமன். வேலை என்னவோ ஆபரேட்டர் வேலைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். கேன்டீனிலிருந்து கேட் வரைக்கும் 'தாய்மாமன்' என்றால்தான் ஆள் தெரியும்.

கண்ணாடி அறைக்குள் எட்டு டிஸ்க் பெட்டிகள் இடுப்புயரத்துக்கு வரிசையாக நிற்கும். கம்பெனியின் மொத்த ஞாபகமும் அவற்றுக்குள்தான் சுழன்றுகொண்டிருந்தது. ஸ்டோர்ஸ் கணக்கு குடியிருந்த பெட்டிக்கு அவர் வைத்த பெயர் குண்டம்மா. அதற்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் கணக்கு, சின்னவன். மிச்சம் ஆறுக்கும் பெயர், குணம், பிடிவாதம் எல்லாம் உண்டு. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "எந்திரி கண்ணு, விடிஞ்சிருச்சு" என்பார். எழாவிட்டால் தெலுங்கு: "லேவம்மா, லே." அதற்கும் அசையாவிட்டால் கன்னடம்: "ஏளு புட்டா, ஏளு." மூன்றாவது மொழியில் பச்சை விளக்கு எரிந்துவிடும்.

"அது சுத்தி வேகம் பிடிக்க நேரமாகும் மாமா. நீங்க பேசினாலும் பேசாட்டாலும் எரியும்" என்றேன் ஒருநாள். நான் தெற்கத்திக்காரன், புதிதாக வந்த புரோகிராமர், அறிவாளி.

"அதையேதான் தம்பி நானும் சொல்றேன். புள்ளைங்க எந்திரிக்க நேரமாவும். சும்மா நிக்கற நேரத்துல ரெண்டு வார்த்தை பேசினா கொறைஞ்சா போயிரும்?"

மார்கழிக் குளிரில், ரிப்பேருக்காக நிறுத்திவைத்த பெட்டிக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டு, குரங்குக் குல்லாவோடு நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எங்கள் மேனேஜர் தினமும் எல்லை தாண்டி பெங்களூரிலிருந்து வருகிறவர்; குரல் மட்டும் அவருக்கு முன்னால் வந்துவிடும். அவர் ஒருமுறை கண்ணாடி அறைக்குள் தும்மிவிட்டார். "சார், வெளிய போய் தும்மிட்டு வாங்க. கொழந்தைங்க இருக்கற எடம்" என்றார் தாய்மாமன். மேனேஜர் போனார். வெளியே நின்று மிச்சத் தும்மலையும் தும்மிவிட்டு வந்தார்.

எட்டுப் பிள்ளைகளுக்கு மாமனானவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பர்கூரில் ஒரு பெண் பார்க்கப் போய், கேசரித் தட்டு கைக்கு வந்த நிமிடத்தில் மின்விசிறி நின்றது. "கரண்டு போச்சா? ஓசூர்லயும் போயிருக்குமே!" என்று எழுந்தவர் பஸ் ஏறித்தான் நின்றார். உத்தனப்பள்ளியில் பெண்ணின் அப்பா, "வீட்ல எத்தனை பேருங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இவர் எட்டு என்று தொடங்கி, குண்டம்மாவுக்கு அடிக்கடி சூடு ஏறிவிடும் என்பதுவரை சொல்லிவிட்டார்.

மூன்றாவது இடம் காவேரிப்பட்டினம். பெண் கிருஷ்ணகிரியில் பிரசவ வார்டு நர்ஸ். விஜயதசமி காலையில் நல்ல நேரம் குறித்திருந்தார்கள். "இதையும் விட்டீங்கன்னா என் வாசப்படி மிதிக்காதீங்க சாமி" என்று தரகர் கைகூப்பிவிட்டார். தாய்மாமன் புதுச் சட்டை தைத்தார். பெண்ணின் போட்டோவை, டிஸ்க்குகள் பக்கம் திருப்பி ஒரு தடவை காட்டினார் என்றும் கேள்வி.

முந்தின நாள் ஆயுத பூஜை. இயந்திரத்தை நிறுத்தி, எட்டுப் பேரையும் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துக் குளிப்பாட்டினார். தூசு ஆகாதென்று விபூதி மட்டும் தள்ளுபடி. சந்தனத்தைக் குழைத்து, நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு ஓசூர் ரோஜாவையும் சூட்டினார். கண்ணாடிக்கு வெளியே ஊதுபத்தி மணக்க, உள்ளே எட்டும் சடங்கு சுற்றிய பெண்கள் மாதிரி நின்றன.

மறுநாள் காலை பட்டுக்கரை வேட்டியும் பழப் பையுமாக வந்தார். எழுப்பிவிட்டுப் பஸ் ஏறுவதாகத் திட்டம். மூன்று மொழியும் ஆயிற்று. எட்டுப் பச்சை விளக்கும் எரிந்தன.

எங்கள் இயந்திரத்துக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு வீட்டைத் தடுத்து மூன்று குடித்தனம் வைக்கிற மாதிரி, ஒரே இயந்திரம் தனக்குள் மூன்று இயந்திரங்களாக நடிக்கும். நிஜத்தில் இல்லாத அந்த மூன்றும் காலையில் தனித்தனியாகக் கண்விழித்து, தங்களுக்குரிய டிஸ்க்குகளைத் தேடும். அன்று இரண்டு குடித்தனம் எழுந்துவிட்டது. டெஸ்பாட்சையும் சேர்த்துக்கொண்ட ஸ்டோர்ஸ் குடித்தனம் மட்டும், 'இரண்டு டிஸ்க்கைக் காணோம்' என்று திரையில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. குண்டம்மாவையும் சின்னவனையும்தான்.

இருவரும் எங்கள் கண்ணெதிரே பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தார்கள்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினோம். எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி எழுப்பினோம். சரக்குச் சீட்டு அச்சாகாமல் கேட்டில் லாரிகள் நின்றன. "ஏன்ரீ இது?" என்று மேனேஜர் கண்ணாடிக்கு வெளியே நின்று கன்னடத்தில் கத்தினார், உள்ளே வர அவருக்கும் பயம். பஸ் போனது. நல்ல நேரமும் போனது.

தாய்மாமன் குண்டம்மாவை விட்டு நகரவில்லை. நான்தான் பெண் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்கு போன் போட்டேன். பெண்ணே வந்து பேசியது.

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

"இல்லைங்க. ரெண்டு டிஸ்க்கைக் காணோம்."

"திருட்டுப் போயிருச்சா?"

"இல்லைங்க, இங்கேயேதான் நிக்குது. ஆனா காணோம்."

மளிகைக் கடையின் தராசுச் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் வந்தது. "இருங்க, நானே வந்து பாக்கறேன்."

மத்தியானம் அந்தப் பெண், மாங்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அண்ணனோடு வந்து சேர்ந்தார். ஊதாப் பட்டு, கனகாம்பரம். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்போது தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குண்டம்மாவின் முதுகுப் பக்கம் தலையை நுழைத்துப் படுத்திருந்தார். அந்தப் பெண் பார்க்கும் படலத்தில் இருவருக்கும் முதலில் தெரிந்தது மற்றவரின் பாதம்.

"என்னாங்க ஆச்சு?"

தலையை வெளியே எடுத்தவர், தான் மாப்பிள்ளை என்பதையே மறந்துபோயிருந்தார். "நேத்து வரைக்கும் நல்லா இருந்தாங்க. குளிப்பாட்டினேன், பொட்டு வச்சேன். இன்னைக்கு ரெண்டு பேரைக் காணோம்னு சொல்லுது."

"எல்லாரையும் ஒண்ணாவா குளிப்பாட்டினீங்க?"

"ஆமாங்க."

"அப்போ மேல இருந்து எதையாச்சும் கழட்டினீங்களா?"

தாய்மாமனின் கை குண்டம்மாவின் நெற்றிக்குப் போனது. முகம் மெல்ல வெளுத்தது.

ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் வில்லை செருகியிருக்கும். அதில் உள்ள எண்தான் அந்த டிஸ்க்கின் விலாசம். வில்லை இடம் மாறினால் விலாசமும் மாறும். அழுக்கு நீங்கட்டும் என்று எட்டையும் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகியிருந்தார்.

"எங்க வார்டுல இதாங்க மொதல் பாடம்" என்றார் அந்த அம்மாள். "குளிப்பாட்டறப்போ புள்ள கால்ல கட்டின நம்பர் பட்டைய கழட்டக்கூடாது. கழட்டினா காவேரிப்பட்டினத்துப் புள்ள பர்கூருக்குப் போயிரும். நம்பரப் பாருங்க."

"நம்பர் மேலதாங்க பொட்டு இருக்குது."

"அழிங்க."

"விஜயதசமி அன்னைக்கா? நல்ல காரியம் பேச வந்திருக்கறப்போ பொட்ட அழிக்கறதா?" அவர் கண் கலங்கிவிட்டது.

"சகுனமே சரியில்ல. கெளம்பு, போலாம்" என்றார் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணா." பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தார். "அழிச்சாதானே மறுபடி வைக்க முடியும்? நாங்க தெனமும் அதாங்க பண்றோம்." துடைத்தார். குண்டம்மாவின் நெற்றியில் சின்னவனின் எண் இருந்தது. சின்னவன், அக்கா விலாசத்தில் நின்று விழித்துக்கொண்டிருந்தான்.

வில்லைகளை மாற்றிச் செருகினார் தாய்மாமன். "இந்தத் தடவ நம்பர மறைக்காம வைங்க" என்று குங்குமத்தை நீட்டினார் அந்த அம்மாள். ஸ்டோர்ஸ் குடித்தனம் எழுந்தது. கேட்டில் லாரிகள் உறுமின. அதுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் தைரியமாக உள்ளே வந்து, "அப்புறம்? பொண்ணு புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

தாய்மாமன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள்தான் பேசினார்.

"வீட்ல எட்டுப் பேர் இருக்காங்கன்னு தரகர் என்கிட்ட சொல்லவே இல்லையே."

தை மாதம் கல்யாணம். அடுத்த வருஷம் அதே வார்டில் பெண் குழந்தை. நான் கிருஷ்ணகிரிக்குப் போனபோது, குளிப்பாட்டிய குழந்தையை நர்ஸ் ஒருத்தி துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். தாய்மாமன் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பிரித்து, பட்டையில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். பிறகுதான் கையில் வாங்கினார்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரி கண்ணு, விடிஞ்சிருச்சு." அசைவில்லை. "லேவம்மா, லே." உதடு மட்டும் நெளிந்தது. "ஏளு புட்டா."

கண் திறந்தது.

பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நேரம் ஆகியிருக்கும் மாமா, பேசினாலும் பேசாவிட்டாலும் விழித்திருக்கும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, நானும் என் ஊர்த் தமிழில் ரெண்டு வார்த்தை பேசினேன்.