ஆறுச்சாமி காலையிலேயே போயாச்சு

"நீ ஆறுச்சாமி இல்லை," என்றார் கேரள எல்லைச் செக்போஸ்ட் ஆபீசர் குறுப்பு. "ஆறுச்சாமி காலையிலேயே போயாச்சு."

லாரி டிரைவர் ஆறுச்சாமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பின்னால் பொள்ளாச்சிச் சந்தைத் தக்காளி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் அது கொல்லங்கோட்டு மண்டிக்குப் போகாவிட்டால் லாரிச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மஜீத் முதலாளி சொல்லியிருந்தார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று குறுக்கு ரோட்டில் திரும்பியது தப்பாகப் போயிற்று. அங்கே ஒரு தகரக் கொட்டாய், ஒரு மூங்கில் கம்பம், புதிதாக மாற்றலாகி வந்த குறுப்பு. அவ்வளவுதான் சர்க்கார்.

"லைசென்ஸைப் பாருங்க சார். போட்டோவே இருக்குதுங்க. என்ற மூஞ்சிதானுங்க."

"உன் மூஞ்சின்னு யார் சொன்னது?"

"நாந்தானுங்க."

"நீ யாரு?"

"ஆறுச்சாமிங்க."

"அதைத்தானே ஞான் கேக்கறேன்!"

குறுப்பு மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதைப் பாரு. காலையில போன ஆறுச்சாமி குடுத்த லைசென்ஸ் நகல். 'அசலோடு ஒப்பிட்டேன், சரி'ன்னு கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து, சீல். உன் லைசென்ஸ் புஸ்தகத்துல அப்படி யாராவது எழுதியிருக்காங்களா? இதுதான் அசல்னு இதுல எங்கே இருக்கு?"

ஆறுச்சாமி அட்டை முதல் அட்டை வரை தேடினான். எங்கேயும் இல்லை.

அந்த நகல் அவன் எப்போதோ யாருக்கோ கொடுத்ததுதான். ஊருக்குள் பெல்பாட்டம் வந்த வருஷம்தான் நகலும் வந்தது. எங்கே போனாலும் நகல் கேட்டார்கள். பால் சொசைட்டியில்கூடக் கேட்டார்கள். எருமை கறக்க டிரைவிங் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு நகல் கேட்டார்கள். கொடுத்தான், கமலாத்தாளைக் கட்டி வைத்தார்கள். அதற்கப்புறம் கேட்காதவர்களுக்கும் கொடுத்தான். வாங்கிக்கொண்டவர்கள் அவனை 'சார்' என்றார்கள், அது போதாதா?

டைப் இன்ஸ்டிட்யூட் சூசையப்பன் கார்பன் வைத்துக் கட்டுக் கட்டாக அடித்துத் தருவார். கையெழுத்துக்கு மாட்டு டாக்டர். அந்தச் சுற்றுவட்டாரத்துக்குக் கெஜட்டட் ஆபீசர் அவர் ஒருத்தர்தான். ஒரு கை எருமைக்குள் இருக்கும்போதே மறு கையால் கையெழுத்துப் போட்டுவிடுவார். நகலில் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் 'போட்டோ' என்று அடித்திருக்கும். அந்த எழுத்துக்கு யார் மூஞ்சியும் பொருந்தும்.

பொருந்திவிட்டது. பின்னால் ஒரு பச்சை லாரி வந்து நின்றது. ஒல்லியாக ஒருத்தன் குதித்து இறங்கி, ஒரு தாளை நீட்டினான்.

"வா, ஆறுச்சாமி!" என்று தாளைப் பார்த்ததுமே குறுப்பு முகம் மலர்ந்தார். "சாப்பிட்டாச்சா?"

"டேய், நாந்தாண்டா ஆறுச்சாமி!"

வந்தவன் கோபப்படவே இல்லை. "அப்படியாண்ணே? நீங்களுமா? எங்கிட்டு வாங்குனீக? நான் மூணாறு டீக்கடையில வாங்குனேன். வீட்டுல மட்டும்தாண்ணே மிக்கேல்ராஜு."

இது குறுப்பின் காதில் விழவில்லை. தாளில் இல்லாத எதுவும் அவர் காதில் விழாது.

"இன்னொரு விஷயம்," என்று அவர் ஆறுச்சாமி பக்கம் திரும்பினார். "ஞான் இங்கே வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு லாரி இந்தக் கம்பத்தை இடிச்சு முறிச்சிட்டு ஓடியிருக்கு. வாட்ச்மேன் பேர் கேட்டதுக்கு 'ஆறுச்சாமி'ன்னு கத்திட்டுப் போயிருக்கான். கேஸ் இருக்கு. நீதான் குற்றவாளி."

"நான் ஆறுச்சாமியே இல்லைன்னீங்களே சார்?"

"வண்டி ஓட்டறதுக்கு நீ ஆறுச்சாமி இல்லை. கேஸுக்கு நீதான் ஆறுச்சாமி."

ஆறுச்சாமி தக்காளியைத் திரும்பிப் பார்த்தான். பலகை இடுக்கு வழியாகச் சாறு சொட்ட ஆரம்பித்திருந்தது.

மிக்கேல்ராஜ் அவன் காதோரம் குனிந்தான். "எங்கிட்ட ரெண்டு நகல் இருக்குண்ணே. ஒண்ணை வச்சுக்குங்க. நாமெல்லாம் ஒரே பேருக்காரங்க, இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

தன் பேரைத் திருடினவனிடமிருந்து தன் லைசென்ஸ் நகலை வாங்கி, நன்றியும் சொல்லிவிட்டு, ஆறுச்சாமி அதை நீட்டினான். குறுப்பு சீலைத் தடவிப் பார்த்தார்.

"இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா, ஆறுச்சாமி?"

கம்பம் மேலே போனது. லைசென்ஸ் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது குறுப்பு குரலைத் தாழ்த்தினார். "இதை வெளியில காட்டிட்டு நடக்காதே. ஆளுங்களுக்குச் சந்தேகம் வரும். அப்பறம், திங்கக்கிழமை ஆறுச்சாமி கோர்ட்ல ஆஜராகணும். வரலைன்னா லைசென்ஸ் கேன்சல்."

இரண்டு ஆறுச்சாமிகளும் தலையாட்டினார்கள். தக்காளி முக்கால்வாசி உயிரோடு மண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. சாவி தப்பியது.

ஆறுச்சாமி வராவிட்டால் லைசென்ஸ் கேன்சல் என்ற சேதி மலை வரைக்கும் போயிருந்தது. அந்த லைசென்ஸில் பிழைத்தவர்கள் எல்லாரும் பயந்துவிட்டார்கள். திங்கட்கிழமை "ஆறுச்சாமி!" என்று கோர்ட் டவாலி கூப்பிட்டதும் வராந்தா முழுக்க எழுந்து நின்றது. ஆளுக்கொரு நகல், எல்லாவற்றிலும் மாட்டு டாக்டரின் சீல். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டப்படி ஒருத்தரையும் விடாமல் எல்லா ஆறுச்சாமிக்கும் அபராதம் போட்டார். முறிந்த ஒரு மூங்கிலுக்காகச் சர்க்காருக்கு ஒரு மூங்கில் தோப்பே கிடைத்தது.

அதே நேரத்தில் வீட்டில் கமலாத்தாள் புருஷனை உலுக்கினாள். "ஏனுங்க, இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போகோணும்னீங்களே? போகலீங்களா? அன்னைக்குத் தூக்கக் கலக்கத்துல கம்பத்தை இடிச்சது நீங்கதானே?"

"நாந்தான் இடிச்சேன்."

"அப்பறம்?"

"என்ற பேரை எடுத்துக்கிட்டவனுக அதையும் எடுத்துக்கட்டும் புள்ளே."

ஆறுச்சாமி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போகாத ஆறுச்சாமி அவன் ஒருத்தன்தான்.