மிருகம் கொஞ்சம் நிற்கட்டும்

மிருகப்பட விளக்குநர் என்றொரு இனம் இருக்கிறது. ஜப்பான்காரர் எடுத்த ராட்சத மிருகப் படங்கள் ஓடுகிற வீடுகளில், சோபாவின் நடுவில், ரிமோட்டும் கையுமாக இது காணப்படும்.

ஜெர்மனியில், டோட்முண்டில் இருக்கும் தம்பித்துரை அண்ணையைப் பாருங்கள். கடல் பொங்கும், மீனவர்கள் ஓடுவார்கள், முதுகு தெரியும், தலை தெரியும், மிருகம் வாயைத் திறக்கும். டக்கென்று படம் நிற்கும். "இதில என்ன விஷயமெண்டால்," என்று அண்ணை தொடங்குவார். மிருகத்தின் ரப்பர் உடுப்புக்குள் வெந்துபோன நடிகன், தீப்பெட்டி அளவில் கட்டிய மாடிவீடுகள், அணுகுண்டு, ஜப்பானின் துயரம், இப்போதைய கம்ப்யூட்டர் மிருகங்களின் மானங்கெட்ட பிழைப்பு என்று அவர் ஒரு சுற்றுச் சுற்றிவருவதற்குள் தேநீர் ஆறிவிடும், விருந்தாளிகள் வாசலில் கழற்றிய சப்பாத்தைத் தேடுவார்கள், மிருகம் மட்டும் திறந்த வாயோடு காத்திருக்கும். அதற்கு வேறு வழி?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அண்ணைக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அகதி விடுதியில்தான். ஒரேயொரு தொலைக்காட்சி, முன்னால் யாழ்ப்பாணத்தான், லெபனான்காரன், கானாக்காரன். ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. செய்தி விளங்கவில்லை, நாடகம் விளங்கவில்லை. மிருகம் வந்து ஊரை மிதித்தது; எல்லோருக்கும் விளங்கியது. எவனாவது விளக்கினானா?

அண்ணையின் மனைவி யோகம் அக்கா ஒரு படத்தையாவது முடிவுவரை பார்த்ததில்லை. விளக்கம் முடிவதற்குள் நித்திரையாகிவிடுவார். அந்த மிருகத்துக்குக் கடைசியில் என்னதான் ஆகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. பழைய படமொன்று தியேட்டருக்கு வந்ததும் தானே போய் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். அங்கே ரிமோட் கிடையாதே.

மிருகம் வாயைத் திறந்தது. அண்ணையின் கட்டைவிரல் கதிரையின் கைப்பிடியை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. படம் நிற்கவில்லை. சரி என்று அவரும் வாயைத் திறந்தார். முன்வரிசை ஜெர்மன் அம்மா திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகென்ன, படம் தன்பாட்டில் ஓடியது. கடைசியில் மிருகம் காயங்களோடு கடலுக்குள் திரும்பிப் போனது. அக்கா அழுதுவிட்டார்.

"ஏனப்பா அழுறீர்?" என்று கேட்டார் அண்ணை.

"தனியப் போகுது, பாவம்."

"அது என்னெண்டால்..."

"வேண்டாம். எனக்கு விளங்கிட்டுது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டவும் தோன்றும், காட்டுங்கள். ஆனால் பாதியில் நிறுத்தி, "இதில் என்ன விஷயம் என்றால்" என்று தொடங்காமல் உங்களால் முடிக்க முடிகிறதா, பாருங்கள்.