மாப்பிள்ளை மரக்கறியாம், உண்மையோ?

கராமா, துபாய்

மதிப்புக்குரிய மச்சான் சிவகொழுந்து அவர்களுக்கு,

நானும் பானுமதியும் மகள் கஜாலினியும் ஏசிக் குளிரில் போர்த்தியபடி சுகம். அங்கு வெயிலில் நீங்களும் சுகமென நம்புகிறேன். இக்கடிதத்தில் அடங்குபவை:

1. தாங்கள் கேட்ட கேள்வி
2. அந்தப் பெயரின் பூர்வீகம்
3. அதில் இழுக்கு இல்லை என்பது

ஞாயிறு பின்னேரம் தொலைபேசியில், "பெடியன் மரக்கறியாம், உண்மையோ?" என்று கேட்டீர்கள். உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கஜாலினி கட்டப்போகும் ஜெர்மன்காரப் பிள்ளையின் குடும்பப் பெயர் கோல் என்பதும், அவர்கள் மொழியில் கோல் என்றால் கோவா, அதாவது முட்டைக்கோசு என்னும் மரக்கறி என்பதும் யாழ்ப்பாணம் வரை எப்படி எட்டியதோ தெரியவில்லை, ஆனால் மாமா வராமல் தாலி கட்டு இல்லை என்று மகள் சொல்லிவிட்டதால், வேறு பொருள் கிடைக்குமா என்று அடுத்த வீட்டுக் காயல்பட்டினத்துக்காரர் அகமது கபீரிடம் அந்தப் பெயரை எழுதிக் காட்டினேன். "இது கண்ணுல இடுற சுர்மால்ல ஐயா, அரபில அதுக்கு இதான் பேரு" என்றார். அந்த மகிழ்ச்சியில் ஒரு டப்பா சுர்மா வாங்கி மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர் பணிவாக வாங்கிச் சப்பாத்துக்குப் பாலிஷாகப் பூசினார். பிறகு அகராதிகளைப் பார்த்தேன். கோவா பயிரிட்டவர்களுக்கும் விற்றவர்களுக்கும் வந்த பெயராம், கௌரவமான தொழில். நீங்கள் தேங்காய்ப்பால் விட்டுக் கறிவைத்துச் சாப்பிடும் நோக்கோலும் ஒல்லாந்தர் வழியாக வந்த அதே சொல்லின் உறவாம். (நான் பிழையாகவும் விளங்கியிருக்கலாம்.) மேலும், எழுதக் கூச்சமாக இருக்கிறது, உங்கள் பெயரிலேயே கொழுந்து இருக்கிறதே, அதற்காக யாராவது உங்களைக் கீரைபோல் அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தார்களா? மன்னிக்கவும், இந்த வரியை வாசிக்காமல் விடுங்கள்.

ஆகவே பெயரைப் பொறுத்தருளி, தாய்மாமனாக முன்னின்று நடத்தித் தர வேண்டுகிறேன். நல்லூரான் உங்கள் வீட்டாரைக் காக்க.

பணிவுடன்,
பத்மநாதன்

பி.கு.: ஒட்டுமுன் கடிதத்தைப் பானுமதிக்கு வாசித்துக் காட்டினேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இஞ்சேருங்கோ, அண்ணை கேட்டது பேரையில்லை, சாப்பாட்டை. மச்சம் மாமிசம் தொடாத பெடியனோ எண்டெல்லோ கேட்டவர்" என்றாள். அப்படியானால் என் மறுமொழி: போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, என் தட்டில் மிஞ்சிய எலும்பையும் கேட்டு வாங்கினார். பெயர் மட்டும்தான் மரக்கறி. எனவே 2, 3 சரி. 1-ஐ நான் விளங்கியது முழுப் பிழை. எண்டாலும் வாருங்கோ மச்சான்.