முதுகலை இல்லாத முனைவர்

"இளங்கலை இருக்கு. முனைவர் பட்டம் இருக்கு. முதுகலை எங்கம்மா?"

கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் சான்றிதழ்களை மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். ஒன்று கீழே விழுந்திருக்குமோ என்று நாற்காலிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"நான் முதுகலை படிக்கல சார்."

"படிக்காம?"

"இளங்கலை முடிச்சதும் நேரா முனைவர் படிப்புல சேர்ந்துட்டேன். அந்த நாட்டுல அப்படிச் சேரலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே பெண்தான் தெரிந்தாள்.

"இந்த நாட்டுல விரிவுரையாளர் வேலைக்கு மூணும் வேணும்மா. மாடில நிக்கறீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா படி ஏறித்தான் வந்தீங்கன்னு நான் மேலிடத்துக்குக் காட்டணுமில்ல? சின்ன விஷயம். வாங்கிட்டு வந்துடுங்க."

வீட்டில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர். அப்பா வைத்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகளைத் தாண்டிக் குதித்தாள். கூடப் படித்தவர்கள் கல்லூரி வாசலை எட்டிப் பார்ப்பதற்குள் ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு வெளிநாடு போனாள். அவர்கள் முதல் வேலைக்கு மனுப் போட ஆரம்பித்தபோது இவள் மண்ணியலில் முனைவர். பெற்ற அம்மா இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அப்பா மட்டும் இருந்தார், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

போன வருஷம் அந்த அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கால் ஓரளவு தேறியது, கை தேறவில்லை. விமானம் ஏறக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே அவள் வேலை பார்த்த லேபில் இடம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் மண்ணைப் படித்தவளுக்கு வேலை இருந்தது இந்த ஒரு கல்லூரியில்தான், அதுவும் ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் அப்பாவோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் அப்பா தனியாக இருக்க வேண்டும்.

"நீ கிளம்பு. நான் இருந்துக்குவேன்" என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே இடது கையால் சட்டைப் பொத்தானைப் போடுவார். மேலே முதல் பொத்தானே ஓட்டை மாறிப் போயிருக்கும். அது தெரியாமல் கடைசி வரைக்கும் போட்டு முடித்துவிட்டு, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்ப்பார். அவள் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி போட்டுவிடுவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

முதுகலைச் சான்றிதழுக்காக அவள் அங்கேயிருந்த தன் பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"முதுகலையா? உனக்கு எதுக்கு அது?" என்று அவர் பதறிப்போனார். அவர் பதறியதிலும் நியாயம் இருந்தது. அந்த நாட்டில் முதுகலை என்பது ஆராய்ச்சி முடியாமல் பாதியில் மூட்டை கட்டுபவர்களுக்கு, வெறுங்கையோடு போக வேண்டாமே என்று கொடுத்தனுப்புகிற ஆறுதல் பரிசு. முடித்தவர்கள் யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. ஆனாலும் நல்ல மனுஷன். நடையாய் நடந்து ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டார்.

கண்காணிப்பாளர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'முனைவர் படிப்பைத் தொடராமல் வெளியேறுவதை முன்னிட்டு வழங்கப்படும் முதுகலைப் பட்டம்.' அப்படித்தானே போட்டிருக்கு?"

"ஆமா சார். ஆனா அங்க முதுகலைக்கு அந்த ஒரு வாசகம்தான். மொத்தமா அச்சடிச்சு வச்சிருக்காங்க."

"அப்ப நீங்க வெளியேறிட்டீங்க."

"இல்ல சார், முடிச்சேன்."

"வெளியேறினவங்க எப்படிம்மா முடிச்சிருப்பீங்க?"

முனைவர் பட்டத்தை இரண்டு விரலால் தூக்கி மேசையின் மறுகோடியில் தனியாக வைத்தார்.

"இத விசாரிச்சுத்தான் ஏத்துக்க முடியும். நேத்து வரைக்கும் இது நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் இன்னொண்ணக் கொண்டாந்து இதக் கெடுத்துட்டீங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விட்டால் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர் இருக்குமா? பேராசிரியரை மறுபடி கூப்பிட்டாள்.

"நான் பாதியில போகலன்னு ஒரு கடிதம் கொடுங்க. கொஞ்சம் அழுத்தமா எழுதுங்க."

அவர் அழுத்தமாகத்தான் எழுதினார். இவளைப் போல ஒரு மாணவியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை, மற்றவர்கள் ஆறு வருஷம் இழுப்பதை நாலே வருஷத்தில் முடித்தாள், அதற்கு முன்னால் இளங்கலையிலும் மூன்று ஆண்டும் முதல் மாணவியாக வந்தவள் என்று உருகி உருகி எழுதியிருந்தார். படித்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

கண்காணிப்பாளருக்கு எதுவும் கலங்கவில்லை.

"மூணு வருஷமா?"

"என்ன சார்?"

"இளங்கலை. மண்ணியலுக்கு இங்க நாலு வருஷமாச்சே."

"அங்க எல்லாருக்குமே மூணுதான் சார்."

"அப்ப அங்க எல்லாருக்குமே ஒரு வருஷம் குறையுது."

இதைச் சொன்னபோது அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. ஒரு தேசத்தையே நினைத்து வருந்தினார்.

முதல் நாள் உள்ளே வந்தபோது அவளிடம் ஒரே ஒரு குறைதான். இப்போது முனைவர் பட்டம் விசாரணையில், முதுகலை சந்தேகத்தில், இளங்கலை முக்கால். பள்ளிச் சான்றிதழும் பையில் இருந்தது. அதை எடுக்கப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அதை நீட்டினால் இரண்டு வகுப்பு குறையும். அப்புறம் இவர் சின்னப் பெஞ்சில்தான் கொண்டுபோய் உட்கார வைப்பார்.

மண்ணியல் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தாள். அறை முழுக்கக் கண்ணாடி ஜாடிகளில் சிவப்பும் கருப்பும் சாம்பலுமாக மண். அவர் அவள் ஆராய்ச்சியை மூன்று தடவை படித்தவர். அவளை எடுத்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நிற்பவர்.

"உன் கதையைக் கேட்டேன். வயிறு எரியுது" என்றார். "அந்த ஆள் மேலயும் தப்புச் சொல்ல முடியாதும்மா. அவருக்கு விதின்னா விதி. அவரோட மல்லுக்கட்டறது வீண். ஒரே வழிதான் இருக்கு."

"சொல்லுங்க சார்."

"இங்கயே படிச்சுடு."

அவள் பையிலிருந்த சான்றிதழ்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"முதல்ல அந்தக் குறையற ஒரு வருஷம். நம்ம இளங்கலை இறுதியாண்டுல உட்கார். அப்புறம் ரெண்டு வருஷம் முதுகலை. உனக்கு அதெல்லாம் தூசு. இளங்கலையும் முதுகலையும் சரியா இருந்தா, முனைவர் பட்டத்தை அவங்க ஏத்துக்கிட்டே ஆகணும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"அதுக்குள்ள இந்த வேலை வேற யாருக்காவது போயிடுமே சார்?"

"என் உயிர் இருக்கற வரைக்கும் போகாது." அவர் மேசையைத் தட்டிய வேகத்தில் ஜாடிகள் குலுங்கின. "முதல்வர்கிட்டப் பேசி எழுத்துலயே வாங்கிட்டேன். தற்காலிகமாக்கூட யாரையும் போட மாட்டேன். போட்டா அங்கயே வேர் விட்டுடுவாங்க, அப்புறம் பிடுங்க முடியாது. அந்த இடத்துல ஈ எறும்பைக்கூட உட்கார விட மாட்டேன். அது உன்னோடது."

அந்நிய மனிதர் ஒருவர் தனக்காக இவ்வளவு பேசுகிறாரே என்று அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். கும்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"மூணு வருஷமா? வேண்டாம். நீ அங்கயே போ."

"நான் போயிட்டா உங்க சட்டையை யாருப்பா போட்டுவிடுவா?"

"பனியனோட இருந்துட்டுப் போறேன்."

"மாத்திரை?"

"அத விழுங்கறதுக்கு எதுக்குக் கை? வாய் நல்லாத்தானே இருக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு வலது பக்கம் ஏறாமல் பாதியில் நின்றது. அதைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள். முனைவர் என்றும் பாராமல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அப்பா இடது கையால் அவள் தலையைத் தடவினார். எப்போதும் வலது கையால் தடவுகிறவர், அதனால் விரல் அவள் காதில் இடித்தது.

"சரி, இரு" என்றார் கடைசியில். "பதறாத காரியம் சிதறாதும்பாங்க. பொறந்ததுலேருந்து பறந்துட்டே இருந்தே. ஒரு மூணு வருஷம் மெதுவாத்தான் போயேன்."

அன்றைக்கே லேபுக்கு எழுதிப் போட்டாள். வரவில்லை, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மறுநாளே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் பென்ஷனும் மாலையில் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற டியூஷனுமாக வீடு ஓடியது. இறுதியாண்டில் சேர்த்துக்கொள்ளும்போது கண்காணிப்பாளர் முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். "இப்பத்தாம்மா எல்லாம் முறையா நடக்குது."

முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் படபடவென்று எழுந்து நின்றார்கள்.

"வணக்கம் மேடம்!"

"உட்காருங்க, உட்காருங்க. நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்."

அவர்கள் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. ஒரு மூத்த மாணவி வந்ததற்கு இவ்வளவு வாட்டம் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் வகுப்புக்கே வாயாடி. அலுவலகத்தில் தும்மினால் அவளுக்குத் தெரிந்துவிடும். வந்த அரை மணிக்குள் இவளை 'அக்கா' ஆக்கிக்கொண்டாள்.

கணக்குக்கு ஒருவர் வந்தார். வேதியியலுக்கு ஒரு அம்மா வந்தார். மண்ணியல்தான் முதன்மைப் பாடம், அதில் தேறினால்தான் பட்டம். அந்த நேரத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மெதுவாகப் போ என்று அப்பா சொன்னதை நினைத்துப் பொறுமையாக இருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமையாக இருப்பதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்படியே முதல் வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. மண்ணியல் நேரத்தில் பையன்கள் காகித விமானம் விட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு விமானம் அவள் நெற்றியில் வந்து மோதியதும் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, மண்ணியலுக்கு யாருமே வரலையே. இப்படியே போனா பரீட்சை எப்ப வைப்பாங்க?" என்று வாயாடியிடம் கேட்டாள்.

"பாடமே எடுக்கல, அப்புறம் எங்கக்கா பரீட்சை? போன வருஷம் பழைய வாத்தியார் ஓய்வு பெற்றுப் போனதுலேருந்து எங்க சீனியருங்களும் இதே வகுப்புலதான் உட்கார்ந்திருக்காங்க. அதோ, விமானம் விடறாங்களே, அவங்கதான்."

"வேற வாத்தியார் போட மாட்டாங்களா? தலைவராவது வந்து எடுக்கலாமே?"

"தலைவர் பாடம் எடுக்க விதியில இடமில்லையாம். வேற யாரையும் அவர் உள்ள விட மாட்டேங்கிறாராம்" என்றாள் வாயாடி, பென்சிலைச் சீவிக்கொண்டே. "வெளிநாட்டுல படிச்ச யாரோ ஒரு அக்காவுக்குன்னு அந்த இடத்தப் பிடிச்சு வச்சிருக்காராம். அவங்களுக்கு ஏதோ ஒரு பரீட்சை மட்டும் பாக்கியாம்க்கா. அத எழுதிப் பாஸ் பண்ணிட்டு வந்தாங்கன்னா, உடனே நமக்குப் பாடம் ஆரம்பிச்சுடுவாங்களாம்."